கயிற்றுக் கடைக்கு வந்த கேள்விகள்

ராயபுரம்
20.2.2004

அன்புள்ள தம்பி எபினேசருக்கு,

"கடைக்கு வர முடியாத ஒருத்தன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் எங்கே வந்து கேட்பான், அக்கா?" நம் கயிற்றுக் கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று அண்ணனைச் சம்மதிக்க வைக்க வந்த அன்று, நீ என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே காலம் கழித்தவள் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. அவர்கள் எல்லாரும் நம் கடையில் வந்துதான் கேட்கிறார்கள். ஆனால் கயிற்றைப் பற்றி அல்ல.

திருவொற்றியூரில் உன் வெப்சைட் கடையின் திறப்பு ஜெபத்தில், "மாம்பழத்தின் படத்தை விற்றால் வாங்கியவன் காகிதத்தைத்தான் தின்ன வேண்டும்" என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். நீயும் எல்லார் முன்னாலும், "இனிமேல் பேச்சு வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள்" என்றாய். அதனால் எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனைக்கு உன் மனைவி எல்சி இங்கே வரும்போது கொடுத்தனுப்புவேன்.

அண்ணன் அய்யாத்துரைக்குக் கம்ப்யூட்டர் ஆகாது என்பதால் கடைக்கு வரும் மெயிலை நான்தான் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். மணிலாக் கயிறு என்ன விலை, தார்ப்பாய் என்ன அளவில் கிடைக்கும், இப்படித்தான் வரும். சில மாதங்களாக வேறு மாதிரியும் வருகின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். இரண்டைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

"ஐயா, என் மகன் நிலவன் போன ஆடி மாசம் உங்க மூலமா கப்பலுக்குப் போனான். போய்ச் சேர்ந்தேன்னு ஒரு போன் வந்தது. அதுக்கப்புறம் இல்லை. நம்பர் கொடுங்க. சொக்கம்மாள், வியாசர்பாடி."

"ஐயா, என் கணவர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும். குழந்தை பிறந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது."

இரண்டாவது மெயில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கடையில வந்து எவட்டி புருஷனைத் தேடுதா?" என்றார். பிறகு அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஒவ்வொருவருக்கும், "இது கயிற்றுக் கடை, நீங்கள் எந்தக் கம்பெனிக்கு எழுதினீர்கள்?" என்று என் பெயர் போட்டுப் பதில் அனுப்பினேன். எல்லாரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். நீலத்திசை மரைன். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கப்பல், நீலக் கடல். அடியில் சின்ன எழுத்தில், 'வடிவமைப்பு: எபி வெப்' என்று உன் பெயர்.

தேர்வுத் தாள் கட்டு மாறி வந்துவிட்டால், அது யாருடைய கட்டு என்று முதலில் கேட்போம். அதைத்தான் கேட்கிறேன். இது யாருடைய கட்டு?

உன் அக்கா
தேவகிருபை

*

திருவொற்றியூர்
28.2.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவப்பு மை இல்லாததே பெரிய ஆறுதல்.

முதலில் பயப்படாதீர்கள். போனில் ராங் நம்பர் வருவதில்லையா? மெயிலும் அப்படித்தான். பார்த்ததும் அழித்துவிடுங்கள். நீங்கள் பதில் போடப் போட இன்னும் வரும்.

நீலத்திசை மரைன் என்னுடைய பெரிய கஸ்டமர். எண்ணூர் ஹைரோட்டில் மாடியில் ஆபீஸ். உரிமையாளர் வரதன் சார். கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறார். நான் அவருக்குச் செய்திருப்பதைத் தெரிந்துகொண்டால் நீங்களே மெச்சுவீர்கள். பக்கம் ஆங்கிலத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. தமிழ் எழுத்து தானாகவே இறங்கிக்கொள்ளும், ஃபான்ட் தேட வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் அதைச் செய்வது நான் ஒருவன்தான். "அனுபவம் இல்லாதவர்க்குக் கப்பல் வேலை" என்று தேடினால் முதல் பக்கத்தில் வரதன் சார்தான் வருவார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இருக்கிற பிரௌசிங் சென்டர்களில் பேசி, கம்ப்யூட்டரைப் போட்டதும் நீலத்திசை பக்கமே திறக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். பையன் வேறு எதற்கோ வந்து உட்காருவான், கப்பலைப் பார்ப்பான். ஒரு நோட்டீஸ் ஒட்டாமல், ஒரு ஆட்டோவில் மைக் கட்டாமல் ஆள் வருகிறது. இதைத்தான் அன்றைக்கு உங்களிடம் சொல்ல நினைத்தேன். நீங்கள் மாம்பழத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

யானைக்கவுனியில் ஃபிரிட்ஜ் சாமான் விற்கிற சேட்டு, மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் எல்லாரும் இதைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தார்கள். ஃபாக்டரியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, இனி இவன் அவ்வளவுதான் என்று நம் சொந்தக்காரர்கள் பேசினார்கள். இப்போது என் கடைக்கு ஆள் தேடி வருகிறார்கள். அது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம்.

இன்னொரு நல்ல செய்தி. எல்சியின் தம்பி அருள்பிரகாசம் ஈஸ்டர் முடிந்ததும் கப்பலுக்குப் போகிறான். டீசல் மெக்கானிக் படித்துவிட்டு எங்கள் வீட்டில் சும்மா இருந்தவன். வரதன் சார் அவராகவே, "உங்க வூட்ல ஒரு புள்ள கீறானாமே, அனுப்புங்க சார்" என்றார். எல்சி இப்போதே இட்லிப் பொடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள். சிறு வயதில் அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். உங்களுக்குத் தெரியாததா?

அவளிடம் இந்தக் கடிதங்களைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதீர்கள். வீணாகக் கலங்குவாள்.

உங்கள் தம்பி
எபினேசர்

*

ராயபுரம்
6.3.2004

அன்புள்ள எபி,

உன் உழைப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஊரில் இத்தனை பேர் கண்ணில் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். அது பெரிய காரியம். அதனால்தான் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ராங் நம்பர் என்றாய். எண்ணைத் தப்பாகச் சுழற்றினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டில் மணி அடிக்கும். இவர்கள் எல்லாருக்கும் ஒரே வீட்டில் எப்படி அடிக்கிறது?

செவ்வாய்க்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். முழங்கால் சம்மதிக்கவில்லை. அண்ணனும் சம்மதிக்கவில்லை. ஆனாலும் போனேன். குடியிருப்பில் சொக்கம்மாள் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் காட்டுகிறது. மார்க்கெட்டில் கீரை விற்கிறாள். சுவரில் புத்தர் படம், அதன் கீழே கப்பல் உடுப்பில் மகன் நிலவனின் படம். ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் இருக்கும் கடல், திரையில் வரைந்த கடல்.

"நீங்கோதான் அந்தக் கம்பெனியா, டீச்சர்?" என்றாள்.

"இல்லம்மா. கயிற்றுக் கடை."

"கயிறா? என் புள்ள இன்னா மாடா?" என்று சிரித்தாள். சிரித்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன் பண்ணாதீங்கோ, ஆபீசுக்கு வராதீங்கோ, எது கேக்கணும்னாலும் வெப்சைட்ல எழுதுங்கோன்னு சொல்லி அனுப்பிச்சாரு வரதன் சாரு. எனக்கு எழுத்தே வராது. பிரௌசிங் சென்டர் பொன்னுரங்கம் தம்பிதான் நான் சொல்லச் சொல்ல அடிச்சிக் குடுக்குது. அதே கம்பூட்டர்ல என் புள்ள எழுதினதயும் படிச்சுக் காட்டுச்சி. 'மூணு வேளை சாப்பாடு, வூட்ட விட நல்லா கீறேன்'னு எழுதிகீறான். ஊருக்கே எழுதிப் போட்டவன் பெத்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லமாட்டானா? எம் மேல இன்னா கோவம் அவனுக்கு?"

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். 'எங்கள் மாலுமிகள் பேசுகிறார்கள்' என்ற தலைப்பு. அதில் நிலவன், வியாசர்பாடி. "மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு. சொன்னால் நம்பமாட்டீர்கள், வீட்டை விட நன்றாக இருக்கிறேன்."

எபி, 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' என்பதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். கல்லூரி விடுதியிலிருந்து நீ அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

வேறு எதுவும் வேண்டாம். வரதனிடம் ஒரே ஒரு கேள்வி கேள். நிலவன் இருக்கிற கப்பலின் பெயர் என்ன? அதற்கு அவர் பதில் சொல்லும் வரை அருளை வீட்டில் வைத்திரு. சொக்கம்மாளிடம், "விடாமல் எழுதிக்கொண்டே இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா

*

திருவொற்றியூர்
13.3.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையதுதான். கண்டுபிடித்துவிட்டேன், சரியும் செய்துவிட்டேன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

நான் முதலில் செய்த வெப்சைட் நம் கயிற்றுக் கடையுடையது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கஸ்டமருக்கும் அதையே பிரதி எடுத்து, படத்தையும் எழுத்தையும் மாற்றிக் கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். தையல்காரர் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஊருக்கே சட்டை வெட்டுவதில்லையா? நீலத்திசையில் இரண்டு படிவங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிற படிவம் புதிதாகச் செய்தது, அது சரியாக அவருக்குப் போகிறது. 'தொடர்புக்கு' என்ற படிவம் கயிற்றுக் கடையிலிருந்து அப்படியே வந்தது. அதற்கு உள்ளே இருக்கும் முகவரியை மாற்ற மறந்திருக்கிறேன். வெளியே தெரியாது. எழுதுகிறவர்களுக்கு 'உங்கள் செய்தி அனுப்பப்பட்டது' என்றுதான் வரும். ஆனால் வந்து சேர்ந்தது உங்களிடம்.

புதன்கிழமையே மாற்றிவிட்டேன். இனி எல்லாம் நேராக வரதன் சாருக்கே போகும். உங்களுக்கும் தொல்லை இல்லை, அவர்களுக்கும் பதில் கிடைக்கும்.

நிலவன் பேசுவதாக இருப்பது நான் எழுதியது. வரதன் சார் பெயர்களை மட்டும் கொடுத்து, "நல்லதா நாலு வார்த்த போடுங்க சார்" என்றார். போட்டேன். யானைக்கவுனி சேட்டுக்கும் திருப்தியான வாடிக்கையாளர்கள் நான்கு பேரை நான்தான் எழுதினேன். இந்தத் தொழிலில் அது குற்றம் இல்லை, அக்கா. கல்யாணப் பத்திரிகையில் 'சீரும் சிறப்புமாக' என்று போடுவது மாதிரி.

கப்பல் பெயரையும் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நடுக்கடல்ல போன் டவர் கீதா சார்? புள்ளைங்கோ கரைக்கு வந்தா பேசும்" என்று சிரித்தார். கப்பல் பெயரைச் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. கஸ்டமரிடம் ஒரு அளவுக்கு மேல் கேட்க முடியாது.

அருள் தயாராகிவிட்டான். கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கப்பலில் வாந்தி வருமா என்று எல்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட்டை ஆபீசில் கொடுத்தாயிற்று.

எபினேசர்

*

ராயபுரம்
20.3.2004

எபி,

உன் கடிதத்தைப் படித்ததும் சரி செய்துவிட்டாய் என்று சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

என்னோடு ஒரு ஆசிரியர் வேலை பார்த்தார். அவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கை தூக்கிச் சந்தேகம் கேட்காது. வருடம் முழுவதும் அப்படியே. இரண்டு காரணம்தான் இருக்க முடியும். பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும், அல்லது கை தூக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். எப்படியானாலும் நல்ல ஆசிரியர் என்றால், "ஏன் யாரும் கேட்கவில்லை?" என்று அவருக்கே ஒருநாள் தோன்றும்.

வரதன் இத்தனை பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார். எந்தத் தாயும், எந்த மனைவியும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன சார், உங்க வெப்சைட் மூலமா ஒரு குடும்பமும் எழுதவில்லையே, ரிப்பேரா?" என்று ஒருநாளாவது உன்னிடம் கேட்டாரா? நம் அண்ணன் இரண்டு நாள் மெயில் வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறார். விற்பது கயிறு.

நீ திருத்தியது புதன்கிழமை. வெள்ளிக்கிழமையே சொக்கம்மாள் வீட்டுக்கு இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அவள் கடைசியாக அனுப்பிய மெயிலில், "ராயபுரம் கயிற்றுக் கடை டீச்சர் எழுதச் சொன்னாங்க" என்று பொன்னுரங்கத்தை அடிக்கச் சொல்லியிருக்கிறாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அது என்னிடம் வரவில்லை. நீ சரியாக்கிய வழியில் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் சுவரிலிருந்த மகன் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "புள்ள திரும்பி வரணும்னு ஆசை கீதா இல்லியா? கம்முனு கெட" என்று சொல்லிப் போனார்களாம். கீரைக் கூடையோடு கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

திங்கட்கிழமை நம் கடைக்கு ஒருவன் வந்தான். ஒல்லியான ஆள், நல்ல சட்டை. கயிற்றுச் சுருளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"டீச்சரம்மா நீங்கதானா? கயிறு விக்கிற எடத்துல லெட்டரு எழுதுறது யாருன்னு பாக்க வந்தேன்" என்றான். பிறகு அண்ணனைப் பார்த்து, "பெரியவரே, இது எத்தினி பேரத் தாங்கும்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னார்: "இது சாமானைத் தூக்குற கயிறு தம்பி. ஆளைத் தூக்குறது இங்க கிடையாது."

"இல்லன்னா இன்னா, வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. என்னைத் தனியாக விட மனமில்லை போலிருக்கிறது. காரணம் கேட்டால் வயிறு சரியில்லை என்றார்.

சொக்கம்மாளும் நானும் போய், கப்பல் வேலைப் புகார்களைப் பார்க்கும் ஒரு அதிகாரியைப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு குடும்பம் சொன்னால் தகராறு என்பார்கள், அம்மா. பல குடும்பங்கள் சேர்ந்து வாருங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எபி, அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஏற்கனவே நம் கடைக்கு வந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போது தெரியவில்லை. ஊர்ப் பெயர் போடாமலே எழுதினவர்கள் எத்தனை பேர். நான் பதில் கேட்டு எழுதியதில் பாதிப் பேர் இன்னும் திரும்ப எழுதவில்லை. அவர்கள் அந்தப் படிவத்தில் மறுபடி எழுத வரும்போது வழி மாறிவிட்டது.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அருளை அனுப்பாதே. எல்சியிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அவளுடைய பையில் இந்தக் கடிதங்களை ஒட்டி ஒட்டிக் கொடுத்தனுப்புவது எனக்கு என்னவோ செய்கிறது. தன் தம்பியைப் பற்றிய செய்தியை அவளே சுமந்துகொண்டு வருகிறாள், போகிறாள்.

அக்கா

*

திருவொற்றியூர்
26.3.2004

அக்கா,

அருள் போய்விட்டான். நேற்று, வியாழக்கிழமை.

உங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்சியிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை அடுக்களை வரை போனேன். அவள் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் வரை நாள் இருக்கிறதே என்று திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை வரதன் சார் போன் செய்து, கப்பல் சீக்கிரம் கிளம்புகிறது, வியாழன் அன்றே பையனை மும்பைக்கு ரயில் ஏற்றிவிடுகிறோம் என்றார். அருளையும் மற்ற பையன்களையும் அவர் ஆளே கூட்டிப்போனான், பாஸ்போர்ட் எல்லாம் அவன் கையில்.

புதன்கிழமை அவரே என் கடைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், எட்டு மாசமா காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருந்திச்சு. இப்பதான் யாரு யாரு கூவிகினு கீறாங்கன்னு தெரியுது. ரொம்ப டேங்க்ஸ்" என்றார்.

நான் அந்தப் படிவத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, எடுத்துடாதீங்க. அது ஒண்ணுதான் நமக்குக் கண்ணு. எழுதட்டும், நல்லா எழுதட்டும்."

எழுந்து போகும்போது கணினித் திரையைத் தட்டிக் காட்டினார். "மொதப் பக்கத்துல நம்ம அருள் படத்தப் போடுங்க. அவன் பேசுற மாதிரி நாலு வரி. கப்பல்ல சந்தோசமா கீறேன்னு."

"அவன் இன்னும் ரயிலே ஏறவில்லையே, சார்" என்றேன்.

"ஏறிடுவான் சார். உங்க மச்சான் எனக்குப் புள்ள மாதிரி. நீங்க நல்லா கீற வரைக்கும் அவனும் நல்லா இருப்பான்."

எழுதிவிட்டேன், அக்கா. நேற்று மாலை, சென்ட்ரலில் அவனை வழியனுப்பிவிட்டு வந்து, கடையைத் திறந்து எழுதினேன். எழுதாமல் இருந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எழுதினால் என்ன என்றும் தெரியவில்லை. அவன் கைகாட்டிய படத்தைத்தான் போட்டேன். கழுத்தில் மாலையோடு நின்றவனை எல்சி எடுத்தது.

இனி நான் அந்தப் பக்கத்தை எடுத்தாலும், அவர்கள் கையில் அவன் இருக்கிறான். எடுக்காவிட்டாலும் இருக்கிறான். தெருவில் கண்டெய்னர் லாரி நின்றால்கூட யாரோ இறங்கி வருவது போலிருக்கிறது.

எல்சியிடம் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

எபி

*

ராயபுரம்
30.3.2004

அன்புள்ள எபிக்கு,

இந்தக் கடிதத்தை எல்சி கொண்டுவரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கூரியரில் அனுப்புகிறேன். மாத்தூரில் தோழி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாக உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் மாத்தூரில் இல்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ கெஞ்சியதைப் படித்த பிறகு எனக்கும் வாய் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளைக் கடைக்குக் கூட்டிவந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த முதல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

தம்பியின் படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். திரையை விரலால் தொட்டாள். பிறகு கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "சொன்னால் நம்பமாட்டீர்கள், கப்பலில் கால் வைத்த நாளிலிருந்து எனக்கு ஒரு குறையும் இல்லை." படித்து முடித்தும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதினி, அவன் முந்தாநேத்து ராத்திரிதானே பம்பாயில போய் இறங்கியிருப்பான். எப்போ கப்பல்ல கால் வச்சான்?" என்றாள்.

நான் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இது அருள் பேச்சு இல்ல. அவனுக்கு இப்படி நீளமாப் பேச வராது." இன்னொரு தடவை படித்தாள். "இது இவங்க பேச்சு."

உன் பெயரைச் சொல்லவில்லை. இவங்க என்றுதான் சொன்னாள். பிறகு, "மத்த பையன்களும் இப்படித்தான் பேசுதாங்களா, மதினி?" என்று கேட்டாள். நான் நிலவன் எழுதியதாக இருந்ததைக் காட்டினேன். அதற்கு மேல் காட்ட வேண்டியிருக்கவில்லை. சொக்கம்மாள் வீடு எங்கே என்று கேட்டாள்.

நேற்று எல்சியும் சொக்கம்மாளும் மும்பைக்கு ரயில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி இட்லிப் பொடி டப்பாவும் இன்னொருத்தி மகன் படமும் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அருள் பூத்திலிருந்து எல்சிக்குப் போன் செய்தபோது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் மசூதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் வைத்திருக்கிறார்கள், வெளியே விடுவதில்லை, தண்ணீர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன் என்றானாம். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னானாம். அண்ணனுக்குத் தெரிந்த கயிற்று வியாபாரி ஒருவர் அங்கே ஸ்டேஷனுக்கு வந்து இவர்களைக் கூட்டிப்போவார். கப்பல் கிளம்புவதற்குள் போய்ச் சேருவார்களா என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் ஆசை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதில்தான் இத்தனையும் வந்தது.

அந்த ஒல்லியான ஆள் நேற்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். இன்றும் உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் கடையை மூடவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தபடியே கயிறு முறுக்குகிறார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்க கை வரல" என்றார்.

இனி உன் பங்கு. பயந்தவனைப் பார்த்துப் பயப்படாதே என்று சொன்னால் அது பாடமாகாது. பயத்தோடு செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுக்க வேண்டும். கணக்கைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளையிடம் முழுக் கணக்கையும் போடச் சொல்லமாட்டேன். தலைப்பை மட்டும் எழுது என்பேன். கை ஓட ஆரம்பித்துவிடும்.

வரதன் பக்கத்தை எடுக்க வேண்டாம். அருள் படத்தையும் எடுக்க வேண்டாம். வெளியே எதுவும் மாற வேண்டாம். உள்ளே இருக்கிற அந்த முகவரியை மட்டும், நீ முதலில் மறந்தது போலவே, மறுபடியும் தப்பாக்கு. வரதனின் முகவரியை எடுத்துவிட்டுக் கயிற்றுக் கடையின் முகவரியைப் போடு. மெயில் வருவது நின்றால் அவர் தேடமாட்டார். எட்டு மாதம் தேடாதவர். கூவினவர்கள் அடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். குடும்பங்கள் மறுபடி என்னிடம் வரும். இம்முறை ஒவ்வொருவரிடமும் ஊரையும் பெயரையும் கேட்டு வாங்குவேன். அந்த அதிகாரி கேட்டது அதுதான்.

கடைக்கு வர முடியாதவன் எங்கே வந்து கேட்பான் என்று கேட்டாயே. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு.

மாற்றி முடித்ததும், மற்றவர்கள் செய்வதுபோல நீயும் வெளியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திற. 'தொடர்புக்கு' என்பதில் போய், பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுது. அதன் கீழே, 'என் மைத்துனன் அருள்பிரகாசம் எங்கே இருக்கிறான்?' என்று எழுதி, ஒருமுறை அனுப்பிப் பார்.

அக்கா